அரைகுறையா இருக்குற ஸ்பெக்கை "ஃபைனல்"னு போட்டு வெளியிடலாமா? அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க

மழைக்கால_டெவ்:

வணக்கம் மக்களே. போஸ்ட் கொஞ்சம் நீளம், பொறுத்துக்கோங்க.

நாங்க ஆறு பேர், நாலு சின்ன கம்பெனிங்க, டபிள்யூ3சி-ல (வெப்புக்கு ஸ்டாண்டர்டு போடற அமைப்பு) ஒரு கம்யூனிட்டி குரூப் ஆரம்பிச்சு ரெண்டு வருஷமா ஒரு ஸ்பெக் (எது எப்படி இருக்கணும்னு விதி சொல்ற டாக்குமெண்ட்) எழுதிட்டு இருக்கோம். விஷயம் ரொம்ப பெருசு ஒண்ணும் இல்ல. நெட் இல்லாத இடத்துல பிரவுசர்ல ஃபார்ம் நிரப்புறாங்கல்ல, கணக்கெடுப்பு, மீட்டர் ரீடிங் அந்த மாதிரி, அதை போன்லயே சேமிச்சு வெச்சுட்டு நெட் வந்ததும் சர்வருக்கு அனுப்பணும். இதுக்கு ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு தினுசா ஃபைல் வெச்சிருக்கு, ஒரு ஆப்ல எடுத்ததை இன்னொரு ஆப் படிக்காது, கஸ்டமர் மாறணும்னா மொத்த டேட்டாவையும் எக்செல்ல கொட்டி திரும்ப ஏத்தணும். அதுக்காக ஒரு பொது ஜேசன் (டேட்டாவை சாதா டெக்ஸ்ட்டா எழுதற முறை) ஃபார்மட், அதை அனுப்புற முறை, ரெண்டும் சேர்த்து ஒரே ஸ்பெக்.

முதல் பாதி, அதாவது ஃபைல் எப்படி இருக்கணும்ங்கறது முடிஞ்சாச்சு. மூணு பேர் தனித்தனியா கோட் எழுதியிருக்கோம், ஒருத்தர் எழுதுன ஃபைலை மத்த ரெண்டும் ஒழுங்கா படிக்குது. ரெண்டாவது பாதிதான் இழுவை. ஒரே ரெக்கார்டை ரெண்டு போன்ல ரெண்டு பேர் திருத்திட்டா எது ஜெயிக்கும்? "கடைசியா எழுதுனது ஜெயிக்கும்"னு ஒரு பாரா எழுதி வெச்சோம், அதுக்கு மேல "இது இன்னும் முடிவாகல"ன்னு ஒரு மஞ்சப் பெட்டி. அந்தப் பெட்டிக்கு இப்ப பதினாலு மாசம் வயசு. டெஸ்ட் பண்ணப்ப ஒரு போன்ல பேட்டரி சுத்தமா செத்து, திரும்ப ஆன் பண்ணப்ப தேதி ரெண்டு வருஷம் பின்னாடி போயிடுச்சு, சிக்னல் இல்லாததால அதுவா திருத்திக்கவும் இல்ல, அன்னிக்கு அதுல எடுத்த நாப்பது ரெக்கார்டும் சின்க் ஆனப்ப "பழசு"ன்னு தோத்துப் போச்சு. எரர்னு ஒரு வார்த்தை வரல, சத்தமே இல்லாம போச்சு.

இப்ப பிரச்சினை என்னன்னா எங்க மெயின் எடிட்டர் அடுத்த மாசம் வேற வேலைக்குப் போறார், ஸ்பெக்ல முக்கால்வாசி அவர் எழுதினது. அவர் போறதுக்குள்ள எதையாவது ஃபார்மலா வெளியிட்டுடலாம்னு குரூப்ல பாதி பேர் சொல்றாங்க, "டபிள்யூ3சி நோட்டா (ஸ்டாண்டர்டு இல்ல, ஆனா அவங்க பேர்ல வெளியாகற டாக்குமெண்ட்) போட்டுட்டா போதும், தேதி போட்ட ஒரு டாக்குமெண்ட் இருக்கும், பின்னாடி யாராவது முடிக்கட்டும்"னு. மீதி பாதி பேர் முடியாததை முடிஞ்ச மாதிரி காட்டக்கூடாதுங்கறாங்க. நான் நடுவுல மாட்டிட்டு முழிக்கிறேன். வெளியிட்டா என்ன கெட்டுப் போகும், வெளியிடாம விட்டா என்ன கெட்டுப் போகும், இதைப் பார்த்தவங்க யாராவது இருந்தா சொல்லுங்க.

———

சும்மா_ஒருத்தன்:

போட்டுடுங்க ப்ரோ. உலகத்துல எந்த ஸ்டாண்டர்டு முடிஞ்சிருக்கு. முடிஞ்சதும் போடலாம்னு காத்திருந்தா கல்யாணப் பத்திரிகை கூட அடிக்க முடியாது.

———

அரைப்புள்ளி:

மேல இருக்கற பதிலுக்கு லைக் நிறைய விழுந்திருக்கு, இருந்தாலும் முதல்ல ஒரு விஷயத்தை சரி பண்ணிடறேன். கம்யூனிட்டி குரூப்பால நோட் போட முடியாது. நோட்ங்கறது சார்ட்டர் (டபிள்யூ3சி கொடுக்கற அதிகாரப்பூர்வ அனுமதி) வாங்குன குரூப்புங்க போடறது, அதாவது வொர்க்கிங் குரூப், இன்ட்ரஸ்ட் குரூப் மாதிரி. கம்யூனிட்டி குரூப் 2011-ல வந்த ஏற்பாடு, யார் வேணா சேரலாம், ஃபீஸ் கிடையாது, அதனால அதுல இருந்து வர்றதுக்கு "ரிப்போர்ட்"னுதான் பேரு. முதல் பக்கத்துலயே இது டபிள்யூ3சி ஸ்டாண்டர்டு இல்ல, ஸ்டாண்டர்டு ஆகற பாதையிலயும் இல்லன்னு எழுதியிருக்கும், அந்த வரியை நீங்க எடுக்க முடியாது. உங்க ஆளுங்க "நோட்"னு சொல்றப்ப மனசுல என்ன நினைக்கறாங்கன்னு கேட்டுப் பாருங்க, எனக்கென்னமோ அந்த லோகோதான் வேணும்னு தோணுது.

உங்களுக்கு இருக்கறது ரெண்டே நிலை. ட்ராஃப்ட் ரிப்போர்ட்டாவே விடறது, இல்லனா ஃபைனல் ரிப்போர்ட்டா போடறது. இந்த ரெண்டுக்கும் வித்தியாசம் டெக்னிக்கல் கிடையாது, பேட்டன்ட்ல இருக்கு, இதை யாருமே கவனிக்கறதில்ல. குரூப்ல சேர்றப்ப ஒரு அக்ரிமெண்ட்ல டிக் பண்ணியிருப்பீங்க, அதுல நீங்க கொடுத்த பகுதிக்கு மட்டும்தான் உங்க கம்பெனி பேட்டன்ட் கேக்க மாட்டேன்னு வாக்கு கொடுக்குது. ஃபைனல்னு போடறப்ப இன்னொரு அக்ரிமெண்ட் வரும், அதுல கையெழுத்து போட்டா மொத்த ஸ்பெக்குக்கும் அந்த வாக்கு. ஆனா அது கட்டாயம் இல்ல, போடறவங்க போடுவாங்க. அதனால ஃபைனல் ரிப்போர்ட்டை வெளிய இருந்து பார்க்கற விவரமான ஆளு முதல்ல பார்க்கறது ஸ்பெக்கை இல்ல, கையெழுத்து போட்டவங்க லிஸ்ட்டை. நாலு கம்பெனியில மூணு போட்டு ஒண்ணு போடலன்னா, அந்த ஒண்ணு ஏன் போடலங்கறதுதான் அடுத்த கேள்வி.

வொர்க்கிங் குரூப்ல இது இன்னும் கறாரா நடக்கும். முதல் வொர்க்கிங் டிராஃப்ட் வந்ததுல இருந்து 150 நாள், அப்புறம் கேண்டிடேட் ரெக்கமண்டேஷன் (ஸ்டாண்டர்டு ஆகறதுக்கு முந்தின நிலை, ஆனப்புறம் அதுக்கு பேரு ரெக்கமண்டேஷன்) வந்தா இன்னொரு 60 நாள், அந்த டைமுக்குள்ள "இந்த பேட்டன்ட்டை தர மாட்டேன்"னு சொல்றவங்க சொல்லிடணும். வெளியிடறதுக்கு தேதின்னு ஒண்ணு ஏன் இவ்ளோ முக்கியம்னு இதுல புரியும், அந்த தேதியில இருந்துதான் கடிகாரம் ஓட ஆரம்பிக்குது. நோட்டுக்கு இந்த வாக்கு எதுவும் கிடையாது. அதனால நோட் கிடைச்சா கூட உங்களுக்கு ஒரு பாதுகாப்பும் வராது, படிக்கறதுக்கு ஒரு பக்கம் கிடைக்கும், அவ்ளோதான்.

இன்னொண்ணு. பாதியில நின்ன வேலையை முன்னாடி டபிள்யூ3சி-ல நோட்டுன்னு மாத்தி மூடி வைப்பாங்க. அது நல்ல நோட்டா செத்த நோட்டான்னு வெளிய இருக்கறவனுக்கு தெரியாது. டபிள்யூ3சி-யோட 2021 ப்ராசஸ்ல (நடைமுறை விதியில) "டிஸ்கன்டின்யூட் ட்ராஃப்ட்"னு தனியா ஒரு நிலையே கொண்டு வந்துட்டாங்க, நின்னு போச்சுன்னா நின்னு போச்சுன்னு பேர்லயே இருக்கட்டும்னு. இது வர இத்தனை வருஷம் ஆச்சுங்கறதே ஒரு பாடம்.

———

தூசி_கன்சோல்:

அரைப்புள்ளி சொன்ன அந்த "செத்த நோட்டு"ல ஒண்ணுக்கு நான் பதினொரு வருஷம் சோறு போட்டேன், கதையைக் கேளுங்க.

வெப் எஸ்க்யூஎல் டேட்டாபேஸ். ஞாபகம் இருக்கறவங்க கை தூக்குங்க. பிரவுசருக்குள்ளயே எஸ்க்யூஎல் (டேட்டாபேஸ்கிட்ட பேசற மொழி) எழுதலாம், செலக்ட், இன்செர்ட் எல்லாம். சஃபாரி, குரோம், ஓபரா மூணுலயும் வந்துச்சு. மூணும் உள்ளுக்குள்ள வெச்சிருந்தது எஸ்க்யூலைட்ங்கற ஒரே டேட்டாபேஸ் ப்ரோக்ராம். ஸ்பெக்ல எஸ்க்யூஎல் எந்த வகைன்னு விளக்க வேண்டிய இடத்துல என்ன எழுதியிருந்தாங்க தெரியுமா, "எஸ்க்யூலைட் 3.6.19 எதை ஆதரிக்குதோ அதுதான்"னு ஒரே வரி. ஃபயர்ஃபாக்ஸ் பண்ற மொசில்லா இதை ஏத்துக்கல, ஒரு ப்ராஜெக்ட்டோட ஒரு வெர்ஷனை காட்டி அதுதான் ஸ்டாண்டர்டுன்னா எப்படின்னு. தனித்தனியா எழுதுன ரெண்டு இம்ப்ளிமெண்டேஷன் வேணும்ங்கறது விதி, இங்க மூணு பிரவுசர் இருந்தும் உண்மையில இருந்தது ஒண்ணுதான். 2010 நவம்பர் 18-ஆம் தேதி அதை வொர்க்கிங் குரூப் நோட்னு போட்டு மேல ஒரு எச்சரிக்கைப் பெட்டியும் ஒட்டி விட்டுட்டாங்க, இதை இனிமே பராமரிக்கப் போறதில்லன்னு.

நான் அதுல ஆப் எழுதினது எப்போன்னு நினைக்கறீங்க? 2012. நோட் வந்து ரெண்டு வருஷம் கழிச்சு. எச்சரிக்கையைப் பார்த்தேனான்னா பார்த்தேன். ஆனா ஸ்பெக் இருக்கு, டபிள்யூ3சி அட்ரஸ்ல இருக்கு, தேதி இருக்கு, குரோம்ல ஓடுது, பிரவுசருக்குள்ள டேட்டா சேமிக்கற இன்னொரு வழியான இன்டெக்ஸ்டு டிபி அப்போ இன்னும் ட்ராஃப்ட்டு (அது ரெக்கமண்டேஷன் ஆனது 2015 ஜனவரியில), எழுதறதுக்கும் கொடுமை, எஸ்க்யூஎல்லா எனக்கு தூக்கத்துல வரும். சேல்ஸ் ரெப்புங்க கடை கடையா போய் ஆர்டர் எடுக்கற ஆப், ஆண்ட்ராய்டு டேப்லட், குரோம். ஜம்முனு ஓடுச்சு. நான் அந்த கம்பெனியை விட்டு வந்த பிறகும் ஓடுச்சு.

2023 கடைசியில குரோம் 119-ல எடுத்துட்டாங்க. சஃபாரி 2019-லயே எடுத்தாச்சு. குரோம்ல அதுக்கு முன்னாடி கன்சோல்ல (டெவலப்பருங்க பார்க்கற எரர் பக்கம்) வார்னிங் எல்லாம் வந்துச்சு, டேப்லட்ல எவன் கன்சோல் பார்த்தான். பழைய ஆபீஸ்ல இருந்து போன், "சார் நீங்க பண்ணின ஆப்பாமே, திறந்தா வெள்ளையா இருக்கு". ஒரே நாள்ல எல்லாம் போகல, அதுதான் இன்னும் கொடுமை, எந்த டேப்லட்டுக்கு எப்போ அப்டேட் வந்துச்சோ அப்போ போச்சு, திங்கக்கிழமை ரெண்டு, புதன்கிழமை அஞ்சுன்னு. அனுப்பாம உள்ள மாட்டிக்கிட்ட ஆர்டர் வேற. கொஞ்ச நாள் அவகாசம் தர்ற டோக்கன் ஒண்ணு இருந்துச்சு, அதைப் போட்டு இழுத்து, ராத்திரி பகலா உக்காந்து வெளிய எடுத்தோம். காசு கொடுத்தாங்க, இல்லன்னு சொல்லல.

இதுல நான் யாரை திட்டறது? எச்சரிக்கையை மதிக்காத என்னைத்தான். ஆனா ஒண்ணு சொல்றேன், பெட்டிக்குள்ள என்ன எழுதினாலும் படிக்கறவன் கண்ணு அதைத் தாண்டி அப்படியே உதாரணக் கோடுக்குப் போயிடும். காப்பி பண்ணி ஓடிச்சுன்னா முடிஞ்சது கதை. உங்க மஞ்சப் பெட்டியும் அப்படித்தான். "கடைசியா எழுதுனது ஜெயிக்கும்"னு கீழ ஒரு பாரா இருக்குல்ல, அதைத்தான் எல்லாரும் கோடா எழுதுவாங்க, பெட்டியை யாரும் கோடா எழுத முடியாது.

———

சும்மா_ஒருத்தன்:

யோவ் தூசி அண்ணே, இதுக்கு நான் ஜோக் அடிச்சது தப்பாப் போச்சு 😅

———

நிதானம்:

நான் "வெளியிடாதீங்க" கட்சி. காரணத்தையும் சொல்லிடறேன்.

எல்லாரும் வெளியிடாம தள்ளிப் போட்டா வர்ற நஷ்டத்தையே பேசறாங்க, அவசரப்பட்டு போட்டதுக்கு எவ்ளோ வருஷம் வட்டி கட்டினாங்கன்னு பேசறதில்ல. சிஎஸ்எஸ் 2 (வெப் பக்கத்தோட தோற்றத்துக்கான ஸ்பெக்) எடுத்துக்கோங்க. 1998 மே மாசம் ரெக்கமண்டேஷன், ஃபுல் முத்திரை. அப்போ எந்த பிரவுசரும் அதை முழுசா பண்ணியிருக்கல, பண்ண ஆரம்பிச்சப்புறம்தான் எங்க எங்க தெளிவில்லன்னு தெரிஞ்சுது. திருத்தி 2.1-ன்னு கொண்டு வந்து அது ரெக்கமண்டேஷன் ஆனது 2011 ஜூன்ல. பதிமூணு வருஷம். டெக்ஸ்ட் ஷேடோ, ஃபான்ட் டவுன்லோடு எல்லாம் 2-ல இருந்துச்சு, 2.1-ல வெட்டி எறிஞ்சுட்டு பிறகு 3-ல திரும்ப கொண்டு வந்தாங்க. ஃபைனல்னு போட்டதை பின்வாங்கறது புதுசா எழுதறதை விட கஷ்டம், ஏன்னா ஒவ்வொரு வரிக்கும் யாராவது ஒருத்தர் "நான் அதை நம்பி பண்ணிட்டேன்"னு வருவாங்க.

அது பழைய காலம்னு சொல்லுவீங்க, சரி. எச்டிடிபி 2 (பிரவுசரும் சர்வரும் பேசிக்கற முறை), ஆர்எஃப்சி 7540 (ஆர்எஃப்சின்னா ஐஇடிஎஃப்ங்கற இன்டர்நெட் ஸ்டாண்டர்டு அமைப்போட எண் போட்ட டாக்குமெண்ட்), 2015 மே. அதுல ப்ரையாரிட்டின்னு ஒரு மரம் மாதிரி அமைப்பு, எந்த ஃபைல் முதல்ல வரணும் எது எதை சார்ந்திருக்குன்னு. பேப்பர்ல பார்க்க அழகு. பிரவுசர் ஒண்ணொண்ணும் ஒவ்வொரு விதமா அனுப்புச்சு, நிறைய சர்வர் கண்டுக்கவே இல்ல. 2022 ஜூன்ல ஆர்எஃப்சி 9113 வந்தப்போ அந்த பகுதியை கைவிட்டாச்சுன்னு சொல்லிட்டாங்க, சுலபமான இன்னொரு முறையை 9218-ன்னு தனி ஆர்எஃப்சியா போட்டாங்க. இத்தனைக்கும் எழுதினது கத்துக்குட்டிங்க இல்ல, பின்னாடி கூகுளோட ஸ்பீடின்னு ஏற்கனவே ஓடிட்டு இருந்த ஒரு அனுபவம் வேற. அவங்களுக்கே இந்த கதின்னா ஆறு பேர் பதினாலு மாசமா முடிவெடுக்க முடியாத ஒரு விஷயத்தை எடிட்டர் கிளம்பறார்ங்கறதுக்காக ஃபைனல்னு போடறது எந்த ஊரு நியாயம்.

இன்னொரு பக்கம் பாருங்க, ரோபாட்ஸ் டெக்ஸ்ட் ஃபைல், எந்தப் பக்கத்தை எடுக்கக்கூடாதுன்னு சைட் தேடுபொறிக்கு சொல்றது. 1994-ல மார்ட்டின் கோஸ்டர் எழுதி வெச்சது, உலகத்துல இருக்கற தேடுபொறி எல்லாம் அதைத்தான் பார்த்துச்சு, ஃபார்மலா ஆர்எஃப்சி 9309 ஆனது 2022 செப்டம்பர்ல. 28 வருஷம் முத்திரை இல்லாமலே ஓடுச்சு. வேலை செய்யற விஷயத்துக்கு முத்திரை தேவைப்படல, உங்களுது வேலை செஞ்சா அதுவும் ட்ராஃப்ட்டாவே ஓடும்.

அப்புறம் ஒரு நேரடி கேள்வி. எடிட்டர் போறது நிஜமான காரணமா? எடிட்டர் போனா வேற எடிட்டர் வருவார், ட்ராஃப்ட் எங்கயும் ஓடிப் போயிடாது. அவசரம் எங்க இருந்து வருது?

———

மழைக்கால_டெவ்:

நிதானம் சார், கரெக்ட்டா புடிச்சுட்டீங்க. எழுதலாமா வேணாமான்னு யோசிச்சேன், எழுதிடறேன்.

எங்க நாலு கம்பெனியில ஒண்ணு ஒரு டெண்டர் போடறாங்க. டெண்டர் பேப்பர்ல "வெளியிடப்பட்ட திறந்த ஸ்டாண்டர்டின்படி டேட்டா தர வேண்டும்"னு ஒரு வரி. ட்ராஃப்ட்னு முதல் பக்கத்துல இருந்தா எதிர்க்கம்பெனிக்காரன் அதைக் காட்டி அடிச்சுடுவான்னு அவங்க சேல்ஸ் ஆளு பயப்படறார். எடிட்டர் போறதும் உண்மை, அதுவும் இதுவும் ஒரே மாசத்துல வந்துடுச்சு.

அவங்க மேல கோவம் இல்ல, நாலு கம்பெனியும் இதுக்கு ஆளும் நேரமும் கொடுத்ததே என்னிக்காவது வியாபாரம் ஆகும்னுதான். ஆனா ராத்திரி நினைச்சுப் பார்த்தா அந்த நாப்பது ரெக்கார்டு கண்ணு முன்னாடி வருது. டெஸ்ட்ல போனதால பரவால்ல. டெண்டர் கிடைச்சு நூத்துக்கணக்கான போன்ல போச்சுன்னா, போனதே யாருக்கும் தெரியாது.

ரோபாட்ஸ் உதாரணத்துல மட்டும் எனக்கு ஒப்புதல் இல்ல. அதுல தப்பு நடந்தா ஒரு பக்கம் தேடுபொறியில வரும், இல்ல வராம போகும். எங்களுதுல ஒருத்தர் வெயில்ல நடந்து போய் எடுத்த ரீடிங் காணாம போகும்.

———

பதிமூன்று:

என் பேருக்கும் இந்த த்ரெட்டுக்கும் சம்பந்தம் இருக்கு, அதனால வந்தேன்.

வெப்சாக்கெட் (பிரவுசரும் சர்வரும் விடாம பேசிக்கற லைன்) கனெக்‌ஷன் திறக்கறப்ப போற ஹெடரை (ஆரம்பத் தகவலை) யாராவது உத்து பார்த்திருக்கீங்களா? வெர்ஷன் 13-ன்னு இருக்கும். 1 இல்ல, 2 இல்ல, பதிமூணு. அது ஐஇடிஎஃப் ட்ராஃப்ட்டோட எண். கதை என்னன்னா, 76-ஆவது ட்ராஃப்ட்னு சொல்லுவாங்க அதுக்கு முன்னாடி ஒண்ணை, அதை வெச்சு 2010-லயே குரோமும் சஃபாரியும் வெளிய விட்டுட்டாங்க, ஃபயர்ஃபாக்ஸ் 4 பீட்டாலயும் இருந்துச்சு. அந்த வருஷக் கடைசியில சில பேர் ஆராய்ச்சி பண்ணி, நடுவுல இருக்கற ப்ராக்ஸியை (இடையில நிக்கற சர்வர்) ஏமாத்தி அதோட கேஷ்ல (சேமிச்சு வெச்ச பிரதியில) விஷம், அதாவது பொய் டேட்டா, வைக்கலாம்னு காட்டினாங்க. டிசம்பர்ல ஃபயர்ஃபாக்ஸும் ஓபராவும் வெப்சாக்கெட்டை ஆஃப் பண்ணி வெச்சுட்டாங்க. அப்புறம்தான் பிரவுசர்ல இருந்து போற ஒவ்வொரு ஃப்ரேமையும் ஒரு 32 பிட் சாவி வெச்சு குழப்பி அனுப்பறதுங்கற மாஸ்கிங் வந்துச்சு, ஆர்எஃப்சி 6455 வந்தது 2011 டிசம்பர். நடுவுல சர்வர் எழுதினவங்க பாடு பெரும்பாடு, பழைய ஐபோன் சஃபாரிக்கு ஒரு ஹேண்ட்ஷேக் (பேச்சை ஆரம்பிக்கற முறை), புதுசுக்கு ஒரு ஹேண்ட்ஷேக். நானும் எழுதியிருக்கேன், ரெண்டு இஃப், மூணு எல்ஸ், நிறைய கெட்ட வார்த்தை.

ஆனா பாருங்க, நாம தப்பிச்சது எதனால? பின்னாடி வந்த ட்ராஃப்ட்டுங்கள்ல வெர்ஷன் எண் அனுப்பற டேட்டாவோடவே போச்சு. எட்டு பேசறவன் எட்டுன்னு சொன்னான், பதிமூணு பேசறவன் பதிமூணுன்னு சொன்னான், சர்வருக்கு தெரிஞ்சுது. எச்சரிக்கையை மனுஷன் படிக்கற டாக்குமெண்ட்ல வெச்சா தூசி அண்ணன் மாதிரி தாண்டிப் போயிடுவாங்க, மெஷின் படிக்கற இடத்துல வெச்சா தாண்ட முடியாது. உங்க ஃபைல்ல முதல் வரியில வெர்ஷன் இருக்கா? கட்டாயமா, இல்ல விருப்பம் இருந்தா போடலாமா?

அடுத்தது, ரெண்டா வெட்டுங்க. எச்டிஎம்எல் 5-க்கே அதைத்தான் பண்ணினாங்க, 2012-ல உக்காந்து நிலையா இருக்கறது 5.0, ஆடிட்டு இருக்கறது 5.1-னு பிரிச்சாங்க, 5.0 சொன்ன மாதிரி 2014 அக்டோபர் 28 வெளிய வந்துச்சு. உங்க டெண்டருக்கு வேணும்கறது டேட்டா ஃபார்மட்தானே, சின்க் இல்லையே. ஃபார்மட்டை தனி ஸ்பெக்கா ஃபைனல் ரிப்போர்ட்டா போடுங்க, சின்க் பகுதியை வேற பேர்ல வேற ட்ராஃப்ட்டா வெச்சுக்கோங்க. மஞ்சப் பெட்டி, அதுக்கு கீழ இருக்கற பாரா, ரெண்டுமே முதல் டாக்குமெண்ட்ல இருக்கவே கூடாது. ரெண்டையும் சேர்த்து அவசரமா போடறதுக்கு நிதானம் சொன்னது நூத்துக்கு நூறு சரி, ஆனா முடிஞ்ச பாதியை முடியாத பாதிக்காக பிணை வெக்கறதும் சரியில்ல.

ஆனா வெட்டறதுக்கு முன்னாடி ஒண்ணு பாருங்க. ரெக்கார்டுல யார் எப்போ திருத்தினாங்கன்னு என்ன ஃபீல்டு வெச்சிருக்கீங்க? போனோட நேரம் மட்டும்தான் இருக்குன்னா, முதல் பாதி முடிஞ்சுதுன்னு நீங்க நினைக்கறது தப்பு. நேரத்தை மட்டும் கொடுத்தீங்கன்னா படிக்கறவன் நேரத்தை வெச்சுத்தான் முடிவெடுப்பான், வேற வழி அவனுக்கு இல்ல. அப்ப "கடைசியா எழுதுனது ஜெயிக்கும்"ங்கறதை நீங்க எழுதாமலே எழுதிட்டீங்க.

———

அரைப்புள்ளி:

கடைசி பாரா ரொம்ப முக்கியம். கவுச் டிபிங்கற டேட்டாபேஸ்ல இதை எப்படி பண்ணியிருக்காங்கன்னு ஒரு தடவை பார்த்துட்டு வாங்க. ஒவ்வொரு திருத்தத்துக்கும் ஒரு ரிவிஷன் அடையாளம், அது எந்த ரிவிஷனுக்கு மேல பண்ணினதுங்கறதும் தெரியும். ரெண்டு போன் ஒரே ரிவிஷன்ல இருந்து ரெண்டு பக்கமா பிரிஞ்சா ரெண்டும் இருக்கும், தோத்ததை தூக்கிப் போடாது. எல்லா இடத்துலயும் ஒரே மாதிரி ஒண்ணை முன்னாடி காட்டும், அவ்ளோதான், மத்ததை கேட்டா கொடுக்கும். யார் ஜெயிக்கணும்ங்கற சண்டையை ஆப்புக்கு விட்டுடுது. உங்க ஃபார்மட்டுக்கு தேவையானது தீர்ப்பு இல்ல, ரெண்டு பிரதியும் உள்ள இருக்கறதுக்கு இடம்.

———

பழைய_பெட்டி:

ஒரே ஒரு விஷயம் சொல்லிட்டு போயிடறேன். ஃப்ளெக்ஸ்பாக்ஸ் (பக்கத்துல பெட்டிகளை அடுக்கற சிஎஸ்எஸ் முறை) 2009 ட்ராஃப்ட்ல "பாக்ஸ்"னு ஒரு டிஸ்ப்ளே வேல்யூ இருந்துச்சு, வெப்கிட்டுன்னு (சஃபாரியோட இன்ஜின் பேரு) முன்னாடி ஒட்டி வெளிய விட்டாங்க, சோதனைக்குத்தான்னு. 2012-ல வேற பேர்ல வேற மாதிரி ஸ்பெக் வந்து அதுதான் இன்னிக்கு நாம போடற ஃப்ளெக்ஸ். ஆனா மூணு வரிக்கு மேல எழுத்தை வெட்டி புள்ளி வைக்கணும்னா இன்னிக்கும் நான் வெப்கிட் பாக்ஸ்தான் போடறேன், நேத்து சாயங்காலம் கூட போட்டேன். 2019-ல ஃபயர்ஃபாக்ஸே வேற வழியில்லாம அந்த வெப்கிட் வார்த்தையை அப்படியே ஏத்துக்கிச்சு. ட்ராஃப்ட்டா விட்டா யாரும் தொட மாட்டாங்கன்னு நிதானம் சார் நினைக்க வேணாம், ட்ராஃப்ட்லயே குடித்தனம் பண்ணுவாங்க நம்மாளுங்க.

———

நிதானம்:

அது உண்மைதான், ஒத்துக்கறேன். வெட்டி போடறதுக்கும் எனக்கு ஆட்சேபம் இல்ல, அந்த ரிவிஷன் ஃபீல்டு உள்ள வந்து மூணு இம்ப்ளிமெண்டேஷனும் திரும்ப ஒரு தடவை ஒண்ணு எழுதினதை இன்னொண்ணு படிச்சுக் காட்டினா. அந்த டெஸ்ட் முடியாம போட்டீங்கன்னா திரும்ப என் கட்சிக்கே போயிடுவேன்.

———

மழைக்கால_டெவ்:

எல்லாருக்கும் நன்றி, ரெண்டு நாள் கழிச்சு வர்றேன், சாரி.

பதிமூன்று கேட்டதைப் போய் பார்த்தேன். வெர்ஷன் ஃபீல்டு இருக்கு, ஆனா கட்டாயம் இல்ல, "இருக்கலாம்"னுதான் எழுதியிருக்கோம், மூணு இம்ப்ளிமெண்டேஷன்ல ஒண்ணு அதை எழுதறதே இல்ல, ஒண்ணு எழுதுது, இன்னொண்ணு எழுதுது ஆனா படிக்கறப்ப பார்க்கறதில்ல. ரெக்கார்டுல போன் நேரம் மட்டும்தான். ரெண்டு வருஷமா "முதல் பாதி முடிஞ்சாச்சு"ன்னு மீட்டிங் மீட்டிங்கா சொல்லிட்டு இருந்தது நான்தான், இதுல எனக்கே வெக்கமா இருக்கு.

நேத்து கால்ல இதை அப்படியே சொன்னேன். டெண்டர் கம்பெனிக்காரர் முதல்ல முகத்தை சுளிச்சார். அந்த நாப்பது ரெக்கார்டு கதை அவருக்கு தெரியாதாம், அது எங்க டெஸ்ட் ரிப்போர்ட்ல பதினேழாவது பக்கத்துல இருந்துச்சு, யார் படிச்சா. கேட்டதும் கொஞ்ச நேரம் பேசல, அப்புறம் "இது அங்க நடந்தா பெனால்டி க்ளாஸ் எங்க மேலதான் வரும்"னு அவரே சொன்னார். அதுக்கப்புறம் பேச்சு சுலபமா போச்சு. ரெண்டா வெட்டறோம். ஃபார்மட் ஸ்பெக்ல வெர்ஷன் கட்டாயம், தெரியாத வெர்ஷன் வந்தா படிக்கறவன் நிறுத்தணும், ஊகிச்சு படிக்கக்கூடாது. ரெக்கார்டுக்கு ரிவிஷன், அது எதுல இருந்து வந்துச்சுங்கற ஃபீல்டு. ரெண்டு பிரதி இருந்தா ரெண்டையும் வெச்சிருக்கணும், தூக்கிப் போடறவன் இந்த ஸ்பெக்கை பின்பற்றலன்னு அர்த்தம். சின்க் தனி ட்ராஃப்ட், அதுக்கு நான் எடிட்டர், வேற யாரும் கை தூக்கல.

எடிட்டர் கிளம்பறதுக்கு இன்னும் பத்தொன்பது நாள் இருக்கு. ஃபீல்டு சேர்க்கறதை இன்னிக்கே ஆரம்பிச்சுட்டார். மூணு டீமும் டெஸ்ட் முடிக்கறது அதுக்குள்ள நடக்குமான்னு எனக்கு நம்பிக்கை இல்ல, நடக்கலன்னா டெண்டரை ட்ராஃப்ட்டோடயே போடறதா அவங்க ஒத்துக்கிட்டாங்க.

அரைப்புள்ளி, ஒரு கேள்வி மட்டும் பாக்கி. ரெண்டா வெட்டினா அந்த ஃபைனல் அக்ரிமெண்ட்ல கையெழுத்து ஃபார்மட் ஸ்பெக்குக்கு மட்டும்தானே வரும்? எங்க நாலுல ஒரு கம்பெனி லீகல் டீம் மெயிலுக்கு பதிலே போடல, அந்த ஒண்ணு நீங்க சொன்ன "ஏன் போடல"தானோன்னு உதறுது.

———

அரைப்புள்ளி:

ஆமா, எந்த ரிப்போர்ட்டுக்கு போடறாங்களோ அதுக்கு மட்டும்தான். லீகலுக்கு மெயில் அனுப்பாதீங்க, போன் போடுங்க. ரெண்டு டாக்குமெண்ட்டையும் பிரிச்ச பிறகு சின்னதைக் காட்டி கேளுங்க, பக்கம் குறைஞ்சா லீகல்காரங்க கொஞ்சம் சீக்கிரம் படிப்பாங்க.